வளரி கற்றுத்தந்த ஆசானும் அவரைத் துரத்திய மாணவனும்

1795-இல் மதுரைக் கோட்டையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற இருபது வயது அதிகாரி ஒருவர் இருந்தார். சிவகங்கைச் சீமையை அப்போது நடத்திவந்த சின்ன மருது, சிறுவயல் மாளிகைக்கு வந்துபோன அந்த இளைஞருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தார். வெல்ஷ் மதுரையில் இருந்த காலம் முழுவதும் அரிசியும் பழமும் அனுப்பிவைத்தார். ஆறே ஆண்டுகளில் அதே வெல்ஷ், கர்னல் அக்னியூவின் படையோடு காளையார்கோவில் காட்டுக்குள் தம் ஆசானைத் தேடி வந்தார். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். பயிற்சி நடந்த செய்தி நமக்குக் கிடைப்பது அந்த மாணவர் 1830-இல் லண்டனில் வெளியிட்ட இராணுவ நினைவுக் குறிப்புகளிலிருந்து. கற்றுக்கொடுத்தவர் எழுதிவைக்கவில்லை; எழுதும் வாய்ப்பே அவருக்கு விடப்படவில்லை.

தென்பாண்டிச் சீமையில் கைக்குக் கை நின்று போரிடும் முறைகள் எங்கே பிறந்தன, யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின, 1801-க்குப் பிறகு அவற்றில் எது நின்றது, எது மறைந்தது என்பதே இக்கட்டுரையின் தேடல். இவை அரண்மனைப் பாசறையில் பிறந்த முறைகள் அல்ல. ஊர்க்காவலிலும் வேட்டையிலும் பிறந்தவை. பின்னாளில் அவற்றுக்கு நேர்ந்த கதியும் இந்தப் பிறப்போடு பிணைந்தது என்பது என் முடிவு.

காவலும் வேட்டையும்

மருது சகோதரர்கள் பிறந்த முக்குளம், நரிக்குடிக்குப் பக்கத்தில், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. அதே மாவட்டத்தின் இன்னொரு மூலையில் இருக்கும் ஏழாயிரம்பண்ணை வட்டாரம், 18-ஆம் நூற்றாண்டில் தனிப் பாளையம். சாத்தூரை அடுத்த கோலார்பட்டியும் அப்படியே. 1799-இல் வீரபாண்டிய கட்டபொம்மனின் பக்கம் நின்றதற்காகக் கம்பெனி பறிமுதல் செய்த ஆறு பாளையங்களின் பட்டியலில் பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், காடல்குடி, குளத்தூர் ஆகியவற்றோடு இந்த இரண்டும் இருக்கின்றன. பட்டாசுக்குப் பெயர்பெற்ற இந்தக் கரிசல் மண்ணில் அன்று வெடிமருந்தும் ஈட்டியும் ஊருக்கு ஊர் இருந்தன.

பாளையக்காரர் படை என்றால் சம்பளம் வாங்கி ஆண்டு முழுதும் பாசறையில் கிடக்கும் படை அல்ல. நிலம் உழுபவனும் ஆடு மேய்ப்பவனும் பாளையக்காரரின் ஓலை வந்தால் ஆயுதத்தோடு வந்து நிற்பான். அவனுக்குப் பழக்கம் எங்கிருந்து வந்தது? காவலிலிருந்து. ஓர் ஊரைக் காப்பது ஸ்தலக்காவல்; பல ஊர்களையும் வழிகளையும் சேர்த்துக் காப்பது திசைக்காவல். களவு போனால் காவல்காரன் பொருளை மீட்டுத் தர வேண்டும். முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். இருட்டில், கொல்லைவெளியில், எத்தனை பேர் என்று தெரியாத கூட்டத்தை எதிர்கொள்ள வேண்டிய வேலை அது. ஒற்றை ஆள் பலரை எட்ட நிறுத்தக் கற்றாக வேண்டும். நெடுங்கம்பைச் சுழற்றித் தன்னைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் எவரையும் வரவிடாமல் தடுக்கும் சிலம்ப வீச்சின் தேவை அங்கிருந்து வருகிறது. வரிசையில் தோளோடு தோள் நிற்கும் படைவீரனுக்கு அந்த வீச்சு ஆகாது. பக்கத்தில் நிற்பவன் மண்டைதான் உடையும்.

சிலம்பம் பழக்கும் முறையைப் பார்த்தாலே இது தெரியும். கம்பு, பிடிப்பவனின் நெற்றி உயரம். முதல் நாளே கையில் கொடுத்துவிட மாட்டார்கள். ஆசானுக்கும் களத்துக்கும் வணக்கம், பிறகு காலடி. முன்வைப்பு, பின்வைப்பு, திரும்புதல் என்று பாதம் மண்ணில் வைக்கும் இடத்தை நாள்கணக்கில் பழக்குவார்கள். கால் கட்டுப்பட்ட பிறகே கைக்குக் கம்பு. குறவஞ்சி, துளுக்காணம், மறக்காணம், அலங்காரச் சிலம்பம் என்று பிரியும் வகைகளுக்கெல்லாம் காலடிதான் அடையாளம். கம்பு சுற்றுவதைப் பார்க்காமல் பாதத்தை மட்டும் பார்த்தே எந்த ஆசானின் பிள்ளை என்று சொல்லிவிடும் பெரியவர்கள் ஊரில் உண்டு. கம்பு விழுந்துவிட்டால் கைமட்டும் கொண்டு சமாளிக்கக் குத்துவரிசையும் பிடிவரிசையும் இருந்தன. எதிரியின் உடம்பில் கம்பு நுனி பட்டதா என்பதை அறிய நுனியில் பொடி பூசிவிட்டு மோதவிடுவதும் பழைய வழக்கம். அடித்து வீழ்த்துவதற்கு முன்னால் தொட்டுக்காட்டும் துல்லியத்தை அது கேட்கிறது.

வளரி காட்டிலிருந்து வந்தது. பிறை வடிவில் வளைந்த கட்டை அல்லது இரும்பு. ஒரு முனை கனம், மறுமுனை மெலிவு, வெளிவிளிம்பு கூர்மை. மெலிந்த முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் சிலமுறை சுழற்றி வேகம் ஏற்றி எறிவார்கள். முயலுக்கும் நரிக்கும் எறிந்து பழகிய கை, போரில் ஓடுபவனின் காலுக்கும் எறியும். பழகிய கையிலிருந்து போனால் நூறு கஜத்துக்குள் இருக்கும் எந்தக் குறியையும் தவறவிடாது என்பது வெல்ஷின் சாட்சியம். தமக்குக் கற்றுக்கொடுத்தவரின் கையைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதியது அது. வேறெங்கும் அதிகம் அறியப்படாத ஆயுதம் என்றும் அவர் குறிப்பிடுகிறார். இந்த ஆயுதத்தைக் கள்ளர் நாடோடு சேர்த்தே வெள்ளைக்காரர்கள் பெயரிட்டு அழைத்தார்கள்.

கணவாயிலும் கோட்டையிலும்

இந்தப் பழக்கங்கள் போர்க்களத்தில் என்ன செய்தன என்பதற்கு முதல் தெளிவான சான்று 1755 மே மாதத்து நத்தம் கணவாய். கர்னல் ஹெரான் தலைமையில் கம்பெனிப் படை திருநெல்வேலிச் சீமையில் வரி தண்டிவிட்டுத் திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. போகிற போக்கில் திருமோகூர்க் கோவிலின் விக்கிரகங்களையும் அள்ளிக்கொண்டு வந்திருந்தது. குறுகலான காட்டுப்பாதையில் கள்ளர் நாட்டார் வழிமறித்தார்கள். அம்பு, ஈட்டி, துப்பாக்கி, வாணம் என்று கையில் கிடைத்த எல்லாவற்றோடும் இருபக்கப் புதர்களிலிருந்தும் வண்டிவரிசை மீது பாய்ந்து, சாமியை மீட்டுக்கொண்டு போனார்கள். வரிசை கட்டிச் சுடும் படைக்கு வரிசை கட்ட இடமே இல்லாத நிலத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் அவர்களின் பயிற்சி தெரிகிறது. களவுக்காரனை எந்தத் திருப்பத்தில் மறிப்பது என்று காவல்காரன் கற்ற பாடம் அது.

அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் நெற்கட்டும்செவலிலும் வாசுதேவநல்லூரிலும் புலித்தேவர் நடத்திய எதிர்ப்பைப் பற்றித் தமிழில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதை எதிர்த்துக் கம்பெனிக்காகப் போரிட்ட யூசுப்கான் இதே சீமையின் மனிதர் என்பது இங்கே முக்கியம். கம்பெனிச் சிப்பாய்களின் தளபதியாக அவர் கற்றது அணிவகுப்பும் துப்பாக்கி வரிசையும். 1759-இல் வாசுதேவநல்லூரில் தோற்ற அவர், 1761-இல் அதைப் பிடித்தார். பீரங்கியும் ஒழுங்கும் வென்றன. 1764 அக்டோபரில், பின்னர் தங்களை எதிர்த்து நின்ற அவரை அதே கம்பெனியும் ஆற்காட்டு நவாபும் மதுரையில் தூக்கிலிட்டார்கள்.

ஆனால் ஒழுங்கும் பீரங்கியும் எப்போதும் வெல்லவில்லை. 1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் தோழர்களும் தப்பினார்கள். 1799-இல் இடிக்கப்பட்டுக் கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களில் மண்ணால் மீண்டும் எழுப்பினார்கள். மார்ச் 31 அன்று மேஜர் மெக்காலேயின் படை மதிலை உடைத்துக்கொண்டு ஏறியது. முன்னணியில் ஏறிய 120 ஐரோப்பியர்களில் காயமின்றித் திரும்பியவர்கள் 46 பேர். வெல்ஷ் அந்தக் களத்திலும் இருந்தார்.

அங்கே என்ன நடந்தது என்று அவர் விவரிப்பதைக் கூர்ந்து படிக்க வேண்டும். கொத்தளங்கள் உள்ளே குடைந்தவை. உடைப்பின் உச்சியில் ஏறி நிற்பவனின் கண்ணுக்கு எதிரில் ஆளே தெரியாது. கீழே, மதிலின் வயிற்றுக்குள் நின்றவர்கள் 18 முதல் 20 அடி நீளமுள்ள ஈட்டிகளை மேல்நோக்கி நீட்டிக் காத்திருந்தார்கள். ஏறியவன் உடல் விளிம்பில் தெரிந்த கணத்தில் பல ஈட்டிகள் ஒன்றாகப் பாயும். துப்பாக்கி முனையில் செருகிய பயனெட் எட்டும் தூரம் அதில் பாதிகூட வராது. அவ்வளவு நீளமான ஈட்டியை இறுகிய இடத்தில், ஒருவர் தடி மற்றவர் தடியில் இடறாமல், ஒரே நேரத்தில் ஏவ வேண்டுமானால் அதைச் சேர்ந்து பழகியிருக்க வேண்டும். ஊமைத்துரையின் ஆட்கள் வெறும் ஆவேசத்தில் போரிட்டார்கள் என்று பலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அது பழக்கிய கையின் வேலை. பழக்கியவர்களின் பெயரைக் கம்பெனியின் காகிதங்கள் கேட்டு வைக்கவில்லை.

மே 24-இல் அக்னியூ கூடுதல் பீரங்கிகளோடு வந்து கோட்டையைப் பிடித்தார். அப்போதும் உடைப்பில் நின்ற ஈட்டிக்காரர்களைப் பயனெட்டால் அசைக்க முடியவில்லை. கைக்குண்டுகளை உள்ளே எறிந்து அவர்களைக் கொன்ற பிறகே வழி கிடைத்தது. நெருங்கி நின்று வெல்ல முடியாதவர்கள் மீது தூரத்திலிருந்து வெடியைப் போட்டார்கள். ஊமைத்துரை தப்பி மருதுகளிடம் சேர்ந்தார். ஜூனில் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையில் ஒட்டப்பட்டது. அக்டோபர் தொடக்கத்தில் காளையார்கோவில் வீழ்ந்தது. தொடை எலும்பு முறிந்த நிலையில் பிடிபட்ட சின்ன மருது காவலில் கிடந்ததையும், அண்ணனோடும் மகனோடும் தூக்கில் தொங்கியதையும் அவரிடம் வளரி கற்றவர் பார்த்தார். வேட்டை விலங்கைத் துரத்துவதுபோலத் தாம் துரத்த நேர்ந்தது என்று அவரே பிற்பாடு எழுதினார். அந்தப் பக்கத்தில் அவருடைய வருத்தம் உண்மையானது. அந்த வருத்தம் அன்று அவர் கையைத் தடுக்கவில்லை என்பதும் உண்மை.

போர்க்கால ஆசான் யாருக்குத் தேவை

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழுகிறது. 1801-இல் இத்தனை பெரிய எதிர்ப்பு நடந்தும், போருக்கென்று ஆட்களைத் திரட்டிக் கைச்சண்டை கற்றுக்கொடுத்த ஆசான் என்று ஒருவரும் ஏன் தென்படவில்லை?

விடைக்கு இரண்டாம் உலகப் போரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1940-இல் பிரிட்டன் தன் கமாண்டோக்களுக்கும் இரகசியப் படையினருக்கும் கைச்சண்டை கற்பிக்க வில்லியம் ஃபேர்பேர்ன், எரிக் சைக்ஸ் என்ற இருவரை அமர்த்தியது. இருவரும் ஷாங்காய் நகரில் பணியாற்றித் திரும்பியவர்கள். ஃபேர்பேர்ன் 1907-இல் ஷாங்காய் நகராட்சிக் காவல்துறையில் சேர்ந்தவர். தெருச்சண்டையில் கத்திக்குத்து வாங்கிப் பிழைத்த பிறகு ஜப்பானிய ஆசானிடம் ஜுஜுட்சுவும், பிறகு சீன ஆசானிடம் சீன முறையும் கற்றார். இவற்றையும் தெரு அனுபவத்தையும் சேர்த்து 1926-இல் ஷாங்காயிலேயே ஒரு நூல் வெளியிட்டார். போர் வந்ததும் அந்த முறையில் ஒரு சில அடிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி எறிந்தார். ஸ்காட்லாந்து மலைகளில் வந்து சேரும் எழுத்தருக்கும் கடைப்பையனுக்கும் சில நாட்களில் கொல்லக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. அவரும் சைக்ஸும் வடிவமைத்த கத்தி இன்றும் கமாண்டோக்களின் அடையாளம். அமெரிக்காவில் அவரிடம் கற்ற ரெக்ஸ் ஆப்பில்கேட் 1943-இல் தம் நூலை எழுதினார்.

கைச்சண்டை அறியாத சமுதாயம் திடீரென்று போருக்குப் போகும்போதுதான் அப்படிப்பட்ட பயிற்சியாளர் தேவைப்படுகிறார். அவர் பெயர் பெறுகிறார், நூல் எழுதுகிறார், வரலாற்றில் நிற்கிறார். தென்பாண்டிச் சீமையில் அந்த வேலை மிச்சம் இருக்கவில்லை. பத்து வயதில் காலடி பழகியவன், இருபதில் காவலுக்கு நின்றவன், முப்பதில் ஊமைத்துரையின் கொத்தளத்துக்குள் ஈட்டியோடு நின்றான். ஆசான் ஊருக்கு ஊர் இருந்தார்; அதனாலேயே போர்க் காகிதங்களில் அவர் இல்லை. பெயரோடு நமக்குக் கிடைக்கும் ஒரே ஆசான் சின்ன மருது. அவரிடம் கற்றவன் அந்நியன் என்பதால் மட்டுமே அது எழுத்தில் ஏறியது.

ஃபேர்பேர்னின் வழியும் வெல்ஷின் வழியும் ஒன்றில் ஒத்துப்போகின்றன. வெள்ளைக்கார அதிகாரி ஆசிய மண்ணில் ஆசிய ஆசானிடம் கற்கிறான். நூலை அவன் எழுதுகிறான். ஃபேர்பேர்ன் கற்றதைப் படைக்குள் கொண்டுபோய் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பரப்பினார். வெல்ஷ் கற்ற வளரி கம்பெனிப் படைக்குள் நுழையவே இல்லை. வரிசை கட்டிச் சுடும் படைக்கு அது பயன்படாது என்பது ஒரு காரணம். தோற்கடிக்க வேண்டிய மக்களின் ஆயுதத்தை மதித்துக் கற்கும் மனம் 1801-க்குப் பிறகு அந்த ஆட்சிக்கு இல்லை என்பது இன்னொன்று. எனக்கு இதுவே பெரிய காரணமாகப் படுகிறது. தடி மட்டும் வேறு வழியில் காவல்துறைக்குள் வந்தது. இந்தியக் காவல்துறை அதிகாரி எச். ஜி. லாங் 1923-இல் லண்டனில் கைத்தடித் தற்காப்பு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் பின்பற்றியது ஐரோப்பாவில் பியர் விக்னி வகுத்த முறை. சுற்றிலும் கம்பு சுற்றும் நாட்டில் இருந்துகொண்டு, கைத்தடிக்கு ஐரோப்பாவைப் பார்த்தார்கள்.

ஆணைக்குப் பிறகு

1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் பெயரில் வெளியான அறிவிப்பு, பாளையங்களின் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னது. கோட்டைகளை இடிக்கச் சொன்னது. துப்பாக்கியும் நெடிய ஈட்டியும் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டன. பாஞ்சாலங்குறிச்சி உடைப்பில் எது தங்களைக் கொன்றது என்பது அவர்களுக்குத் தெரியும். சிலம்பத்தையே ஆங்கிலேயர் தடை செய்தார்கள் என்று மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. ஆணை முதலில் குறிவைத்தது கம்பை அல்ல, ஈட்டியை. மூங்கில் கம்பு எல்லா உழவன் வீட்டிலும் மாடு ஓட்டக் கிடக்கும். அதைப் பறிக்க எந்த அரசாலும் முடியாது. ஈட்டிப் பயிற்சி ஒரே தலைமுறையில் அற்றுப்போய், சிலம்பம் நின்றதற்கு இதையே காரணமாகக் கொள்கிறேன்.

ஆனால் நின்ற சிலம்பமும் பழைய சிலம்பம் அல்ல. பாளையக்காரர்களோடு பழைய காவல் உரிமையும் சரிந்தது. 1878-இல் ஆயுதச் சட்டம் வந்தது. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் நீண்டு, நேற்றுவரை ஊரைக் காத்த சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாக்கியது. இரவில் ஊரைக் காத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இரவில் காவல் நிலையத்தில் கைரேகை வைக்க வேண்டி வந்தது. இதைவிடக் கொடிய தலைகீழ் மாற்றம் இந்தச் சீமை வரலாற்றில் இல்லை. அந்தச் சட்டத்தை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மக்கள் சுடப்பட்டு இறந்தார்கள். காவலுக்கென்று பழகிய வித்தை, காவல் போன பின் கோவில் கொடை, சாமி ஊர்வலம், பொங்கல் என்று திருவிழாவுக்குள் ஒதுங்கியது. அலங்காரச் சிலம்பம் வளர்ந்தது. போர்ச் சிலம்பம் ஆசான்களின் வீட்டுக் கொல்லைக்குள் சுருங்கியது.

வளரிக்கு அந்த அடைக்கலமும் கிடைக்கவில்லை. 1909-இல் எட்கர் தர்ஸ்டன் தொகுத்த நூலில் புதுக்கோட்டைத் திவான் தந்த குறிப்பு இருக்கிறது: முயல் வேட்டையில் இன்னும் எறிகிறார்கள், ஆனால் தேர்ந்த கைகள் இப்போது இல்லை. தஞ்சை ஆயுதசாலையிலிருந்து வந்த யானைத்தந்த வளரிகள் சென்னை அருங்காட்சியகத்தில் சேர்ந்தன. திருமணத்தின்போது இரு வீட்டாரும் வளரி மாற்றிக்கொள்ளும் சடங்கு கள்ளர்களிடம் இருந்ததையும் தர்ஸ்டன் பதிவு செய்கிறார். ஆயுதம் கையைவிட்டுப் போன பின்னும், பெண் எடுப்பதற்குச் சாட்சியாக அது நின்றிருக்கிறது.

கடலுக்கு அப்பாலும் ஒரு கிளை போனது. 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்ட போராளிகள் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி சிறுவன். 1818-இல் பினாங்கு சென்ற வெல்ஷ், தளர்ந்து முதியவர்போல் காட்சியளித்த ஒரு மனிதரைச் சந்தித்தார். தாம்தான் துரைச்சாமி என்று அந்த மனிதர் சொன்னபோது நடுங்கிப்போனதாக வெல்ஷ் எழுதுகிறார். துரைச்சாமிக்கு அப்போது முப்பது வயதைச் சற்றே தாண்டியிருக்கும். மலேசியாவில் இன்று செழித்திருக்கும் சிலம்பத்தை இந்த நாடு கடத்தலோடு இணைத்துச் சொல்பவர்கள் உண்டு. என் பார்வையில் அது பிற்காலத்தில் தோட்டங்களுக்குக் கப்பலேறிய ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் கொடை. வேலை முடிந்த மாலையில் லயத்து முற்றத்தில் கம்பு சுற்றியவர்கள் அவர்கள்.

இன்று தமிழ்நாட்டில் சிலம்பம் அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம்பெற்றிருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் செயல்விளக்க விளையாட்டாக அரங்கேறியது. விருதுநகர் மாவட்டத்துப் பள்ளி மைதானங்களில் பெண் பிள்ளைகளும் காலடி பழகுகிறார்கள். போட்டியில் தொட்ட புள்ளிகள் எண்ணப்படுகின்றன. பழைய பொடி பூசிய கம்பின் வேலை அது. வளரி இந்தப் போட்டிகளில் இல்லை. அதை மீட்க முனைபவர்கள் அருங்காட்சியக வளரிகளை அளந்து கொல்லர்களிடம் செய்து வாங்குகிறார்கள். எவ்வளவு தூரம் போகும், எப்படிப் பிடிப்பது என்று கேட்டால் அவர்கள் காட்டும் சான்றுகள் இரண்டு: தர்ஸ்டனின் குறிப்பு ஒன்று, சிறுவயலில் சின்ன மருதுவிடம் கற்ற வெல்ஷ் எழுதிய நூறு கஜம் மற்றொன்று.